அன்புக் கடனும் தண்டல் கடனும்

மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 23-ஆம் ஞாயிறன்று, திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு பகுதி நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. பிறருக்குத் தர வேண்டியது எதையும் தராமல் வைத்திராதீர்கள். அன்பு ஒன்று மட்டும் என்றும் தீராக் கடனாய் இருக்கட்டும் என்பது அதன் சாரம். அன்று நிகழும் மறையுரைகளுள் பெரும்பாலானவை ஒரே தடத்தில் செல்கின்றன. வரவுக்குள் செலவு செய்யுங்கள், ஆடம்பரத்தைத் துறந்திடுங்கள், கடன் வாங்குவது விசுவாசக் குறைவு என்று அறிவுரைகள் பொழியப்படுகின்றன.

அவற்றைக் கேட்டு அமர்ந்திருப்போர் யார்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாய் உழைப்பவர். பட்டாபிராமிலிருந்து புறநகர் இரயிலில் வீட்டு வேலைக்குச் செல்லும் தாய். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் தவணையில் வாங்கிய ஆட்டோவை ஓட்டுபவர். மகனின் கல்லூரிக் கட்டணம், கணவரின் அறுவைச் சிகிச்சை, வாடகை வீட்டின் முன்பணம் ஆகியவையே அவர்களைக் கடனாளியாக்கின. வாரம் முழுவதும் வட்டிக்காரனின் ஏச்சைக் கேட்டவர், ஞாயிறன்று ஆலயத்திலும் அதன் எதிரொலியையே கேட்டுத் திரும்புகிறார்.

திருத்தூதரின் ஒரே வாக்கியத்தை இரண்டாக வெட்டி, முற்பாதியை ஏழையின் தலையில் ஏற்றிவிட்டு, பிற்பாதியை வாசகப் பீடத்திலேயே விட்டுவருவது முறையன்று என்று நாம் துணிந்து கூறுகிறோம். அந்த வாக்கியம் கடனாளியை நோக்கி மட்டும் எழுதப்பட்டதன்று. அவனைச் சுற்றி வாழும் சபை முழுவதற்கும் எழுதப்பட்டது.

சற்று ஊன்றி நோக்குவோம். அதற்கு முந்திய வசனத்தில் வரிக்குரியவருக்கு வரியையும், மதிப்புக்குரியவருக்கு மதிப்பையும் செலுத்துமாறு பவுலடியார் பணிக்கிறார். அதன் தொடர்ச்சியாகவே கடனைப் பற்றிப் பேசுகிறார். உரியதை உரியவருக்கு உரிய காலத்தில் கொடுங்கள் என்பதே அவர் கருத்து. கடன் வாங்குவதே பாவம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அது பாவமாயின், கடன் கேட்பவருக்கு முகம் திருப்பாதே என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் ஏன் கற்பிக்க வேண்டும்? பாவத்திற்குத் துணைபோகும்படி அவர் நமக்குக் கட்டளையிட்டார் என்றா கொள்வது? விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரம் ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கேட்பதைத் தடுக்கிறது. இணைச்சட்டத்தின் 24-ஆம் அதிகாரம் திரிகைக் கல்லை அடகாகப் பெறக்கூடாது என்கிறது. ஒரு குடும்பம் மாவரைத்து உண்ணும் கருவியைப் பறிப்பது அதன் உயிரைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்பது அதற்கான காரணம். இன்று நம் பகுதியில் அடகாய்ப் பறிபோகும் திரிகைக் கற்கள் எவை? குடும்ப அட்டை, வங்கியின் ஏ.டி.எம். அட்டை, ஆட்டோவின் பதிவுச் சான்று, தொகை எழுதாமல் கையொப்பமிட்ட புரோநோட்டு. கடனாளியின் கடமையை மறைநூல் மறக்கவில்லை. ஆனால் அதைவிட அடிக்கடி அது கடன் கொடுப்பவனின் கையைத்தான் பிடிக்கிறது.

நாம் வாழும் இந்த மேற்குப் புறநகருக்கு ஒரு வரலாறு உண்டு. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடுதான் சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாகத் தீர்மானித்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் என்று ஒரு தலைமுறை ஓரளவு நிமிர்ந்து நின்றது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்கின்றனர். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை. அந்த வாசலில்தான் தண்டல்காரர் தம் இரு சக்கர வாகனத்தை நிறுத்துகிறார்.

தண்டலின் கணக்கை நம் வாசகர்கள் ஒருமுறையேனும் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தரப்படுகிறது. நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் அடைக்க வேண்டும். பார்வைக்கு இது நூற்றுக்குப் பதினைந்து போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு வட்டியாகும். ‘பத்து வட்டி’ என்று தெருவில் சொல்லப்படும் மாத வட்டியும் அதே 120 விழுக்காடுதான். ஆலைத் தொழிலாளி ஒருவர் இந்த வட்டியை உழைத்து அடைப்பது அரிது. ஆகவே ஒரு கடனை அடைக்க மறு கடன் பிறக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2003-இல் தமிழக அரசு இயற்றிய அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆயினும் 2017 அக்டோபர் 23 அன்று, நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், வட்டிக் கொடுமை தாளாது பலமுறை மனுக் கொடுத்தும் பயனற்றுப்போன ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரு பச்சிளம் பெண் குழந்தைகளோடு தீக்கிரையாயிற்று. கைப்பேசிச் செயலிகள் வழியே நிமிடத்தில் கடன் கொடுத்து, தவணை தவறினால் கடனாளியின் படத்தைச் சிதைத்து உறவினருக்கெல்லாம் அனுப்பும் கொடுமையும் பின்னர் சேர்ந்துகொண்டது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க 2025-இல் தமிழகம் மற்றுமொரு சட்டம் இயற்றியது. சட்டங்களை வரவேற்போம். ஆனால் காவல் நிலையத்திற்குச் செல்லும் கடனாளி, மறுமுறை அவசரம் வரும்போது எங்கே செல்வார்? அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. சபையிடம்தான் விடை இருக்க வேண்டும்.

இனி, சொல்லக் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டல் தொழில் பிற மதத்தாருடையது என்று எண்ணி நாம் கையலம்பிவிட முடியாது. நற்கருணைக்கு வரிசையில் நிற்போருள் வட்டிக்குக் கொடுப்போரும் இருக்கின்றனர். வாங்கி மீளாதோரும் இருக்கின்றனர். ஒரே அன்பியத்தில் ஒருவர் செபமாலை தொடங்க, மற்றவர் மறுமொழி சொல்கிறார். செபம் முடிந்ததும் வாசலில் தவணை கைமாறுகிறது. தேர்த் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தைப் பெருந்தொகை கொடுத்து ஏற்பவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. அத்தொகை எவர் வீட்டுத் தாலிக் கொடியிலிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை.

1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதை வினவியது. ஊரறிந்த கொடுவட்டிக்காரரைப் பலிபீட உறவுக்குச் சேர்க்கலாகாது. அவர்கள் மனந்திரும்பாமல் மரித்தால் கிறிஸ்தவ அடக்கம் ஆகாது. அவர்களுடைய காணிக்கையை எவரும் ஏற்கலாகாது என்று அச்சங்கம் விதித்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் வாணிகமும் வங்கியும் வளர்ந்தன. நியாயமான அளவு வட்டியைத் திருச்சபை இன்று கண்டிப்பதில்லை. ஆனால் ஏழையின் இடுக்கண்ணை முதலீடாகக் கொள்ளும் கொடுவட்டியை அது ஒருபோதும் மன்னித்து ஏற்றதில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மனிதரைப் பசிக்கும் சாவுக்கும் தள்ளும் பேராசை மிகுந்த கொடுக்கல் வாங்கலை ஐந்தாம் கட்டளையின் கீழ் வைத்து, மறைமுகக் கொலை என்றே குறிக்கிறது.

இத்தகைய நெருக்கடியில் இறைவாக்கின் மக்கள் என்ன செய்தனர்? நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பஞ்சத்தாலும் அரச வரியாலும் நொந்த மக்கள் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக விற்கும் நிலைக்கு வந்து கூக்குரலிட்டனர். நெகேமியா அவர்களை அழைத்துச் சிக்கனத்தைப் பற்றி மறையுரை ஆற்றவில்லை. வட்டி வாங்கிய பெருமக்களை அழைத்துச் சபையைக் கூட்டினார். வயலையும் வீட்டையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

கடன் தீர்க்கும் செபக் கூட்டங்கள் என்று வேறொரு வகை விளம்பரமும் நம் புறநகர்ச் சுவர்களில் காணப்படுகிறது. காணிக்கை செலுத்தினால் கடன் மறையும் என்று வாக்களிப்போருக்கு நாம் சொல்வது இதுவே: கடனாளியிடமிருந்து மேலும் நூறு ரூபாய் பெறுவது செபமாகாது, அதுவும் ஒரு தண்டலே. செபம் வேண்டும். செபித்த பின் அயலானின் கணக்குப் புத்தகத்தை அவனோடு அமர்ந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

வழி என்ன என்று கேட்பீர்கள். 1833-இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளிலும் அரிசியும் மருந்தும் கொடுத்து அரும்பணி ஆற்றுகிறது. எனினும் உழைத்து வாழ்கிறவர் தருமத்திற்குக் கை நீட்ட நாணுவார். திருப்பித் தருவேன் என்று சொல்லிக் கேட்கவே விரும்புவார். அந்தத் தன்மானத்தைக் காக்கும் கடனைத் திருச்சபை முன்பே அறிந்திருந்தது. 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில், கொடுவட்டியிலிருந்து ஏழைகளை மீட்கப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் இரக்க நிதியம் ஒன்றைத் தொடங்கினர். அத்தகைய நிதியங்கள் செலவுக்கு வேண்டிய சிறு கட்டணம் மட்டும் பெறலாம் என்று 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஒப்புதல் அளித்தது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டுவதில்லை. நம் அருகிலேயே, திருவள்ளூர் மாவட்டத் திரூரில்தான், 1904-இல் இந்தியாவின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்னை மாகாண அரசின் பணிப்பில் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், செருமானிய ஊர்த் தலைவர் ரைபைசனின் வழியையே இந்நாட்டுக்குப் பரிந்துரைத்தார். அயலார் அயலாருக்குப் பிணை நிற்பதே அவ்வழியின் உயிர். ரைபைசன் அதற்குக் கிறிஸ்தவ அயலன்பையே அடிப்படையாகக் கொண்டார்.

அன்பியங்கள் நம்மிடம் உள்ளன. 300 குடும்பங்கள் உள்ள பங்கில் குடும்பத்திற்கு மாதம் 100 ரூபாய் என்றால் மாதம் 30,000 ரூபாய்; ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். இதை நன்கொடையாகவே பெற வேண்டும்; வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத் தொகை திரட்டுதல் கூடாது. 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்கிறது. மருத்துவம், கல்வி, தண்டலிலிருந்து மீட்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். அன்பியத்தில் இருவர் பிணை நிற்கட்டும். பொதுநிலையினர் குழு கணக்கை எழுதட்டும். தொகைகளை ஆலயப் பலகையில் அறிவித்து, வாங்கியவர் பெயரை மறைத்துக் காக்கட்டும். சாதியோ மதமோ பாராது அண்டை வீட்டாருக்கும் அது திறந்திருக்கட்டும்.

கொடுத்த பணம் திரும்பாது என்பர் சிலர். சில கடன்கள் திரும்பாமலும் போகும். அதை முன்கூட்டியே அறிந்து கொடுப்பதைத்தான் லூக்கா நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் கேட்கிறது. கடன் கொடுத்தால் உறவு முறியும் என்பர் வேறு சிலர். வட்டிக்காரனிடம் அயலானை அனுப்பிவிட்டுக் காக்கப்படும் உறவு எத்தகைய உறவு? இது கூட்டுறவுச் சங்கத்தின் வேலை, ஆலயத்தின் வேலையன்று என்பாரும் உளர். திருவிழாவுக்கு மின்விளக்குத் தோரணம் கட்டுவது ஆலயத்தின் வேலையாயிருக்க, ஒரு வீட்டில் அணையவிருக்கும் விளக்கைக் காப்பது மட்டும் எவ்வாறு பிறர் வேலையாகும்?

கடன் வாங்குவோருக்கும் ஒரு சொல் உண்டு. புதுநன்மை விருந்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், திருமண மண்டபத்தின் பெருமைக்கும் பத்து வட்டிக்கு வாங்குவது பிள்ளைகளின் உணவை விருந்தினருக்குப் பரிமாறுவதாகும். வசதி வந்த பின்னும் திருப்பித் தராதிருப்பது ஏழாம் கட்டளையை மீறுவது. ஆனால் அந்த விருந்தை எளிமையாய் நடத்தினால் இழிவாய்ப் பேசும் நாக்குகள் யாருடையவை? அவையும் நம் சபையின் நாக்குகளே.

23-ஆம் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று, அதே ஆண்டில், மத்தேயு நற்செய்தியிலிருந்து இரக்கமற்ற பணியாளனின் உவமை வாசிக்கப்படும். அவனுக்கு மன்னிக்கப்பட்டது பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியமாகும். ஆகவே ஆறு கோடி தெனாரியம். அவன் உடன்பணியாளனின் கழுத்தை நெரித்ததோ நூறு தெனாரியத்துக்காக. தமிழில் ‘கடன்’ என்ற சொல்லே கடமையையும் குறிக்கும். அந்த ஞாயிறு வருமுன் ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தண்டல் கட்டும் வீடுகள் எத்தனை என்று அமைதியாக எண்ணிப் பார்க்கட்டும். நாம் அன்பில் செலுத்தாது வைத்திருக்கும் கடன் எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கை காட்டும்.