கருவாட்டுச் சட்டி எங்கே போச்சு?

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாளே எங்க வீட்டுக் கருவாட்டுச் சட்டி கொல்லைக்குப் போயிடும். அம்மா வீடு கழுவி, தலைக்கு ஊத்திக்கிட்டு, ஈரப் புடவையோட பச்சரிசி மாவு கிளறும். தேங்காயும் வெல்லமும் பூரணம். படைக்கிறதுக்கு முன்னால ஒரு துணுக்கு வெல்லத்தை எடுத்து வாயில வச்சாக்கூடப் பிள்ளைகளுக்கு அடிதான்.

தோழர்களே, எது தீட்டு? அந்த நெல்லுக்கு நாத்து நட்டது நாம. கரும்புக்குச் சோகை உரிச்சது நம்ம கை. அப்பல்லாம் ஒட்டாத தீட்டு, நம்ம சட்டியில மட்டும் எப்படி வந்து ஒட்டிச்சு?

எங்க ஆயா மதுரைவீரனுக்குக் கறிச்சோறும் சுருட்டும் சாராயமும் வச்சுப் படைச்சது. நாம தின்னதையே சாமியும் தின்னுச்சு. அதுலயும் கை வச்சாங்க. கோயில்ல ஆடு கோழி வெட்டக் கூடாதுன்னு 1950-இல் போட்ட சட்டத்தை 2003-இல் தூசி தட்டி எடுத்தாங்க; எதிர்ப்புக் கிளம்பி 2004-இல் கைவிட்டாங்க. அன்னைக்குக் கத்தின நாமதான், யாரும் உத்தரவு போடாமலே, சொந்த அடுப்படியில அதே தடையை நடத்துறோம்.

1956 அக்டோபர் 14, நாகபுரி. அம்பேத்கரின் 22 உறுதிமொழிகளில் கணபதியைக் கடவுளாக ஏற்க மாட்டேன் என்பதும் ஒன்று. அவர் படம் எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. அதுக்குக் கீழதான் கொழுக்கட்டை வேகுது.

சொன்னா அம்மா சிரிக்குது: "புள்ளைங்க திங்க ஒரு பலகாரம்டா."

திங்கட்டும். சாமிக்குக் காட்டாம, சுடச்சுடத் திங்கட்டும். கொல்லையில கிடக்கிற சட்டியை மட்டும் உள்ள எடுத்தா.