சுறாவால் ஆபத்து யாருக்கு? மூன்று அமைச்சகங்களுக்கு இடையே மீனவர்கள்

புதுதில்லி: மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில், மனோர் அருகே வைதர்ணா ஆற்றில் 2024 பிப்ரவரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைச் சுறா தாக்கியது. அவர் காலை இழந்தார். ஆற்றில் சுறாவா என்று வியந்தவர்களே அதிகம். நன்னீரிலும் நெடுந்தூரம் ஏறிவரக் கூடிய சுறா இனம் உண்டு என்பது மீனவர்களுக்குத் தெரிந்த செய்தி. இச்சம்பவம் சில நாள்களுக்குத் தேசியச் செய்தியானதற்குக் காரணம், இந்தியாவில் இத்தகைய தாக்குதல் அவ்வளவு அபூர்வம் என்பதுதான்.

உலகம் முழுவதும் நிகழும் சுறாத் தாக்குதல்களை அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் பதிவு செய்து வருகிறது. அதன் கணக்குப்படி, மனிதரின் தூண்டுதல் இன்றி 2024-ல் நடந்தவை 47. அவற்றில் உயிரிழந்தோர் 4 பேர். மறுபுறம், இந்தியாவில் 2021-ல் நீரில் மூழ்கி இறந்தோர் எண்ணிக்கை 36 ஆயிரத்துக்கும் அதிகம் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். குளம், ஆறு, கிணறு எல்லாம் சேர்ந்த கணக்குதான் இது. எனினும் கடலில் இறங்குவோர் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை இது ஓரளவு உணர்த்தும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில், கடல் சீற்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி மாண்டனர். ஹைதராபாதில் உள்ள கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கை கடற்கரையில் நிற்கும் பயணியின் காதுக்கு எட்டுவதில்லை. சுறாவைவிடப் பெரிய ஆபத்து இந்த இடைவெளியில் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் சுறாவை அலட்சியப்படுத்தவில்லை. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி'கள் படகுகளுடன் சென்றனர். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அத்தகையோருக்கு எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டதாக எழுதியுள்ளார். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அதிகாரிகளும் இலங்கையில் கடல்கட்டிகளை விலக்கவில்லை. அவர்கள் இல்லையேல் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்தனர்.

தில்லியின் ஆணைகள்

இன்று நிலைமை தலைகீழ். மனிதரிடமிருந்து சுறாவைக் காப்பதே அரசின் கவலை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1970-க்குப் பிறகு ஆழ்கடல் சுறாக்கள், திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் சரிந்துவிட்டதாக 2021-ல் வெளியான சர்வதேச ஆய்வு கூறுகிறது. சுறா அதிகம் பிடிக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவும் உள்ளது. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய பாண்டிச்சேரி சுறா இப்போது காணக் கிடைப்பதே அரிது.

ஆனால் சட்டம் வந்த விதம்தான் மீனவர்களைத் திகைக்க வைத்தது. 2001 மே மாதம் 'அம்மணி உளுவை' எனப்படும் திமிங்கலச் சுறா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இதை எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஜூலையில், டி.ஆர். பாலு பொறுப்பில் இருந்த சுற்றுச்சூழல் அமைச்சகம், எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் ஒரே அறிவிக்கையில் அதே அட்டவணைக்குள் கொண்டுவந்தது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சமைத்துத் தரும் பால் சுறாவும் புலிக்குச் சமமான பாதுகாப்பைப் பெற்றது! எதிர்ப்பு வலுக்கவே, டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகக் குறைக்கப்பட்டது. ஐந்தே மாதங்களில் பின்வாங்க நேர்ந்த ஆணை, மீனவரைக் கலக்காமல் தயாரிக்கப்பட்டது என்ற எண்ணத்தையே ஏற்படுத்தியது.

அதன் பின்னும் ஆணைகள் ஓயவில்லை. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் கொடுமையைத் தடுக்க, சுறாவைத் துடுப்போடுதான் கரை சேர்க்க வேண்டும் என்று 2013-ல் விதிக்கப்பட்டது. நியாயமான விதி. ஆனால் 2015 பிப்ரவரியில் வர்த்தக அமைச்சகம் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. மீனைப் பிடிக்கலாம், இறைச்சியை விற்கலாம். அதிக விலை பெறும் பகுதியை மட்டும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற விசித்திர நிலை உருவானது. ஆழ்கடலில் தூண்டில் கயிறு விட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டார மீனவர்களுக்கு இது பேரிடி. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் பட்டியலை மீண்டும் நீட்டியுள்ளது. முதல் அட்டவணை இனத்தைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

வலைக்குள் விழுவது எந்த இனம் என்று இரவில் வலை விரிப்பவர் எப்படி அறிவார்? கொம்பன் சுறாவையும் வேளாவையும் குழந்தைகூட அடையாளம் காணும்; ஆனால் சாம்பல் நிறச் சுறாக்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய விஞ்ஞானிகளே பல்லை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

அதிகாரம் யாரிடம்?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசு. பட்டியலிடுவது சுற்றுச்சூழல் அமைச்சகம், ஏற்றுமதி வர்த்தக அமைச்சகம், படகும் மானியமும் 2019-ல் உருவான மீன்வள அமைச்சகம். காணிப்பாக்கம் விநாயகர் கோயில் அமைந்த சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. பக்கத்தில் 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிப் பகுதியால் கடற்கரை உண்டு. அங்கே ஆந்திர, தமிழக மீனவர்களிடையே எல்லைத் தகராறு அவ்வப்போது வெடிக்கிறது. மீன் எந்த மாநில எல்லையையும் அறியாது. வழக்கு மட்டும் எல்லை பார்த்துப் பதிவாகும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. குஜராத்தின் வேராவல் கடற்கரையில் 2004-ல் தொடங்கிய பிரசாரத்தில் கதாகாலட்சேபகர் மொராரி பாபு, திமிங்கலச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக வர்ணித்தார். பேச்சோடு நிற்காமல், சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு அம்மாநில வனத் துறை இழப்பீடும் வழங்கியது. அதுவரை ஈட்டியால் குத்திக் கொன்றவர்களே நூற்றுக்கணக்கான சுறாக்களைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினர்.

கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சுறாக்களுக்கான தேசியச் செயல்திட்டத்துக்கு 2015-லேயே வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு உறுப்பு நாடுகளிடம் இத்தகைய திட்டத்தைக் கோரியதோ 1999-ல். அறுந்த வலைக்கு யார் பணம் தருவது என்பதை மூன்று அமைச்சகங்களும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்தால், தூத்தூர் மீனவர் அடுத்த பட்டியலைக் கண்டு அஞ்சத் தேவையிருக்காது. அப்படி ஓர் இழப்பீடு, குஜராத்துக்கு வெளியே எல்லாச் சுறா இனங்களுக்கும் பொருந்துமா என்பதே மீனவர் அமைப்புகள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக எழுப்ப வேண்டிய கேள்வி.