காமிராவும் கௌரவமும்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவுடனோ, பேரக்குழந்தை பிறந்தவுடனோ, காமிரா ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசை அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் உள்ள நடுத்தரக் குடும்பங்களில் எழுவது சகஜமே. ஆனால் கடை வாசலை மிதித்த மாத்திரத்தில், கழுத்தில் தொங்கும் டி.எஸ்.எல்.ஆர்.தான் உத்தமமானதென்றும், சட்டைப்பையில் அடங்கும் பாயின்ட் அண்ட் ஷூட் வெறும் விளையாட்டுச் சாமான் என்றும் முடிவு கட்டிவிடுவது, உபயோகத்தைக் காட்டிலும் கௌரவத்தைப் பெரிதாக மதிக்கும் மனோபாவத்தின் விளைவு என்பது என் அபிப்பிராயம்.

பெரிய காமிராவின் சிறப்புப் பொய்யன்று. ஒளியை ஏற்கும் சென்சார், சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் சுமார் 22 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சிறிய காமிராக்களில் பெரும்பாலானவற்றில் அதன் நீளம் 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுவதாகையால், பரப்பில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் ஏற்பட்டு, அந்தி மயங்கிய பின் சிறியது புள்ளி புள்ளியாகக் காட்டும் முகத்தைப் பெரியது தெளிவாகப் பதிவு செய்கிறது. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடா சிறகடித்து எழும் கணத்தை, உள்ளிருக்கும் கண்ணாடியில் பட்டு வரும் ஒளியிலேயே தாமதமின்றிக் கண்டு, நீண்ட லென்ஸால் பிடிக்க விரும்புகிறவருக்கு அதுவே தகுந்த கருவி.

அத்தகைய லென்ஸோ பல சமயங்களில் காமிராவைவிட விலை மிகுந்தது. அதை வாங்காமல், கூடவே கொடுக்கும் 18–55 லென்ஸை ஒருநாளும் கழற்றாமல், கனத்துக்கு அஞ்சிக் காமிராவை அலமாரியிலேயே வைத்துப் பூட்டுகிறவர், லென்ஸ் மாற்றும் வசதிக்குப் பணம் கொடுத்து, அந்த வசதியை அனுபவியாதவரே ஆகிறார்.

சென்ற தலைமுறையின் ஆல்பங்கள் பலவற்றை நிரப்பியவை, லென்ஸ் மாற்ற வழியின்றி, ஒரு சுருளுக்கு 12 படங்களே தந்த ஆக்பா க்ளிக் 3 போன்ற எளிய பெட்டிகள்தாம். திருமுல்லைவாயில் கோயில் வாசலில் பெரிய லென்ஸ் தன்னை நோக்கித் திரும்பினால் முகத்தை இறுக்கிக்கொள்ளும் பாட்டி, சிறிய காமிராவின் முன் இயல்பாகச் சிரித்துவிடுவதும் உண்டு. கைப்பேசியே போதாதா என்று கேட்பவருக்கு, லென்ஸே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தைச் சமீபமாக்கும் சக்தி சிறிய காமிராவில் பெரும்பாலும் அதிகம் என்பதே பதில்.

கேனனும் நிக்கானும் மிரர்லெஸ் காமிராக்களின் பக்கம் திரும்பி, தங்கள் தலைசிறந்த டி.எஸ்.எல்.ஆரை 2020க்குப் பின் புதுப்பிக்காமலிருக்கும் இக்காலத்தில், பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை வாங்கி மிச்சப் பணத்தை லென்ஸுக்குச் செலவிடுவது ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு விவேகம். அடுத்து எந்த லென்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு விடையில்லாத ஏனையோர், சிறியதையே வாங்கித் தினமும் உடன் கொண்டுசெல்வது உசிதம்.