எல்லைக்கல்லும் எழுத்தும்

சில ஆண்டுகளுக்கு முன் உடன்பிறந்த இருவர் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தனர். வேப்பமரத்துக்குக் கிழக்கே மூத்தவனுக்கு, மேற்கே இளையவனுக்கு என்று வாய்மொழியாகப் பிரித்துவிட்டு அவர்களின் தந்தை மறைந்தார். பத்திரம் எழுதவில்லை, கல்லும் நடவில்லை. பிறகு வீசிய புயலில் மரம் சாய்ந்தது. அதனோடு எல்லையும் போயிற்று. ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள், இரண்டு முழ நிலத்துக்காக ஸலாம் சொல்லிக்கொள்வதையும் நிறுத்திவிட்டனர். நான் ஒன்றே கேட்டேன்: "உங்கள் சகோதரியின் பங்கு எங்கே?" இருவரும் தலைகுனிந்தனர்.

நில எல்லை வெறும் உலக விஷயம் என்று எண்ணுவோர் உளர். மார்க்கம் அவ்வாறு கருதவில்லை. நிலத்தின் எல்லை அடையாளங்களை மாற்றுபவனை அல்லாஹ் சபிக்கிறான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஹஜ்ரத் அலீ (ரலி) அறிவித்துள்ளார்கள். பிறர் நிலத்தில் ஒரு சாணை அபகரித்தவனுக்கு, மறுமையில் ஏழு பூமிகளும் கழுத்தில் மாலையாக்கப்படும் என்பது மற்றொரு எச்சரிக்கை.

இதனை அறிவித்த ஹஜ்ரத் ஸயீத் பின் ஜைத் (ரலி) அவர்கள், சுவர்க்க நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். அவர்கள் மீதே, தன் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டதாக அர்வா என்ற பெண்மணி மர்வானிடம் முறையிட்டார். இந்த எச்சரிக்கையைக் காதாரக் கேட்ட பின்னும் நான் அவ்வாறு செய்வேனா என்று கேட்ட அந்த ஸஹாபி, நிலத்தையே அவரிடம் விட்டுவிட்டார்கள். அத்தகைய தூயவர் மீதே எல்லை வழக்கு எழுமாயின், நாம் எம்மாத்திரம்?

"அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு? அது அவநம்பிக்கை அன்றோ?" என்பர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அவர்கள் சிந்திக்கட்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை நிறுத்துவதையும் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதீர்கள் என்றும், அதுவே ஐயத்தை அகற்றும் என்றும் அல்லாஹு தஆலா அறிவுறுத்துகிறான். அறிஞர் பெருமக்களில் பெரும்பாலோர் இதனைக் கட்டாயக் கடமை என்னாமல், வலியுறுத்தப்பட்ட நற்செயல் என்றே கூறுவர். ஆயினும் தீர்ந்துபோகும் கடனுக்கே இத்துணைக் கவனமென்றால், தலைமுறை தலைமுறையாய் நிற்கும் நிலத்துக்கு எத்துணை வேண்டும்!

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம், பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும் என்பது நம் நாட்டுச் சட்டம். முஸ்லிம்களின் வாய்மொழி ஹிபாவுக்கு மட்டும் அதில் விலக்குண்டு. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, அனுபோகமும் கைமாறினால் அது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியது. சிலர் இச்சலுகையைச் சோம்பலுக்குச் சாக்காக்குகின்றனர். செல்லுபடியாவது வேறு, நிரூபிப்பது வேறு. கொடுத்தவரும் மறைந்து, கண்டவரும் மறைந்தபின் யார் சாட்சி சொல்வார்?

ஆகவே, நிலத்தை அளந்து கல் நடுங்கள். புல எண்ணும் நான்கெல்லையும் பிழையின்றி எழுதிப் பதிவு செய்யுங்கள். வாங்குமுன் வில்லங்கச் சான்று பாருங்கள். வாங்கியபின் பட்டாவை மாற்றுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பதிவு அலுவலகத்தின் முத்திரை, ஹராமை ஹலாலாக்கிவிடாது. பெண்களுக்கும் பங்குண்டு, சொத்து குறைவாயினும் நிறைவாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்கிறது இறைமறை. சகோதரியை வற்புறுத்தி வாங்கிய விடுதலைப் பத்திரம் நீதிமன்றத்தில் ஒருவேளை செல்லலாம். அல்லாஹ்வின் சந்நிதியில் செல்லாது. வாதத்திறமையால் சகோதரனின் உரிமையைத் தம் தீர்ப்பின் வழியே பெறுபவனுக்குக் கிடைப்பது நெருப்புத் துண்டே என அண்ணலார் (ஸல்) கூறியிருக்கிறார்கள்.

என்னிடம் வந்த சகோதரர்கள், இறுதியில் சகோதரியையும் அழைத்து மூவர் பங்கையும் அளந்து பதிவு செய்தனர். இருவருக்கும் நிலம் குறைந்தது, ஸலாம் திரும்பியது. வல்ல நாயன் நம் அனைவருக்கும் அத்தகைய தவ்ஃபீக்கை அருள்வானாக! ஆமீன்.