டயல்-அப்புக்கு மூடுவிழா... அப்போ உங்க போன்ல தினமும் வர்ற 64 கேபிபிஎஸ்க்கு என்ன பேரு?

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு தனது டயல்-அப் இணையச் சேவையை நிறுத்திவிட்டது. செய்தியைப் பார்த்ததும் பலர் கேட்ட முதல் கேள்வி, "இன்னுமா அது ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்பதுதான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2023-க்குத் தந்த மதிப்பீட்டில், டயல்-அப்பை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் சுமார் 1.63 லட்சம்.

சரி, பெங்களூருல வீடு மாத்திட்டு, "நாளைக்கு ஆள் வந்துருவாங்க சார்" என்ற பதிலை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டு, ஃபைபர் கனெக்‌ஷனுக்குக் காத்திருக்கும் உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. டயல்-அப்போடு சேர்ந்து போவது ஒரு பழைய வேகம் மட்டுமில்லை, ஒரு ஸ்டெப்னியும்தான்.

அது எப்படி ஸ்டெப்னி?

டயல்-அப்பின் பெரிய வசதியே, அதற்காக யாரும் வீட்டுக்கு வந்து புதுசாக எதையும் இழுத்துக் கட்ட வேண்டாம் என்பதுதான். ஏற்கெனவே லேண்ட்லைன் இருந்தால் போதும். மோடத்தைச் செருகி, ஒரு எண்ணுக்கு டயல் செய்து, அந்தக் கீச்சுச் சத்தம் அடங்கும் வரை பொறுத்தால் நீங்கள் ஆன்லைன். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் இந்த வழியில்தான். முதல் கட்ட நகரங்களில் சென்னையும் இருந்தது. 9.6 கேபிபிஎஸ் வேகத்தில் 250 மணி நேரத்துக்குத் தனிநபர் கட்டணம் 5,000 ரூபாய். மணிக்கு 20 ரூபாய்னு வெச்சுக்கோங்க, போன் பில் தனி. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு இருந்தது, அதில் வெறும் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது.

பின்னால் பிஎஸ்என்எல் கொண்டுவந்த 'நெட்ஒன்' சேவைக்குக் கணக்கே தொடங்க வேண்டியதில்லை. எந்த எண்ணிலிருந்து டயல் செய்கிறீர்களோ, அந்த எண்ணின் பில்லில் கட்டணம் ஏறிவிடும். விண்ணப்பம், டெபாசிட், காத்திருப்பு எதுவும் கிடையாது. தற்காலிக இணைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தியாவில் அப்போது இருந்ததில்லை.

இப்போ ஒரு மோடம் வாங்கி மாட்டலாமா?

மாட்டலாம். பயன் இருக்காது. டயல்-அப்பின் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 7 கிலோபைட். இன்றைக்கு ஒரு சாதாரண இணையப் பக்கமே 2 எம்பியைத் தாண்டுகிறது. அந்த ஒரு பக்கம் முழுசாகத் திறக்க ஏறக்குறைய 5 நிமிடம். 1 ஜிபி அப்டேட் வந்தால் 40 மணி நேரம், அதுவும் இணைப்பு நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். வீடியோ மீட்டிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேகத்தைக்கூட சகித்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல், செருகுவதற்குக் கம்பியே இல்லை என்பது. ஃபைபர் ரூட்டருக்குப் பின்னால் போன் மாட்ட ஒரு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது பழைய லேண்ட்லைன் இல்லை. உங்கள் குரலைத் துண்டுதுண்டாக்கி, டேட்டாவாக அனுப்பும் ஏற்பாடு அது. மனிதக் குரலுக்கு அது போதும். மோடம் போடும் சத்தமோ துல்லியமாகப் போய்ச் சேர வேண்டியது. சுருக்கினாலோ, ஒரு துண்டு தாமதமானாலோ இணைப்பு விழுந்துவிடும்.

செப்புக்கம்பிக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்த லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வரும். கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபரில் உங்கள் வீட்டு ரூட்டர் அணைந்தால் போனும் அணைந்துவிடும்.

இணையத்தையே அணைத்துவிட்டால்?

2011 ஜனவரி கடைசியில், தஹ்ரீர் சதுக்கப் போராட்டம் சூடுபிடித்தபோது, எகிப்து அரசு ஏறக்குறைய மொத்த நாட்டின் இணையத்தையும் துண்டித்தது. ஆனால் வெளிநாட்டுக்குப் போன் செய்ய முடிந்தது. உடனே பிரான்சின் எஃப்டிஎன் என்ற சிறிய, லாபநோக்கற்ற இணைய அமைப்பு தன்னுடைய டயல்-அப் எண்ணை எகிப்தியர்களுக்குத் திறந்துவிட்டது. கெய்ரோவில் மோடத்தைச் செருகி பாரிஸுக்கு ஐஎஸ்டி போட்டு, மின்னஞ்சலும் ட்விட்டரும் அனுப்பினார்கள். செலவு அதிகம், வேகம் குறைவு. ஆனாலும் சுமார் 5 நாள் இருட்டில் அது ஒரு ஜன்னல்.

இதையே காஷ்மீரோடு வைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அங்கே மொபைல், பிராட்பேண்டோடு லேண்ட்லைனையும் சேர்த்தே நிறுத்தினார்கள். லேண்ட்லைனே இல்லாதபோது டயல்-அப் எங்கிருந்து வரும்? எகிப்தில் கிடைத்த ஜன்னல் இங்கே ஆரம்பத்திலேயே சாத்தப்பட்டுவிட்டது. லேண்ட்லைன்கள் படிப்படியாகத் திரும்பின. 2020 ஜனவரியில் 2ஜி வந்தது, முதலில் அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும். 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது.

அந்த இடைவெளியில்தான் கொரோனாவும் வந்தது. 2020 மார்ச்சில் ஸ்ரீநகர் மருத்துவர் ஒருவர், தீவிர சிகிச்சை வழிகாட்டி ஒன்றைப் பதிவிறக்க முயன்று, 24 எம்பி கோப்பு ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 எம்பிக்கு 56 கேபிபிஎஸ் மோடத்தில் ஆகும் நேரம் 57 நிமிடம். மருத்துவரின் கையிலிருந்த ஸ்மார்ட்போன், அந்த நாளில் ஒரு 1998 மாடல் மோடம்.

மணிப்பூரிலும் பார்த்தோம். 2023 மே மாதம் நிறுத்தப்பட்ட இணையத்தில், ஜூலை 25-இல் பிராட்பேண்ட் மட்டும் திரும்பியது. அதுவும் நிபந்தனையோடு: ஸ்டேடிக் ஐபி வேண்டும், வைஃபை, ஹாட்ஸ்பாட் கூடாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் சம்பளம் இந்த மாதிரி ஓர் உத்தரவின் ஒற்றை வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, டயல்-அப் நிஜமாவே செத்துடுச்சா?

உங்கள் ரீசார்ஜ் பிளானின் பொடி எழுத்தைப் படியுங்கள். தினசரி 1.5 அல்லது 2 ஜிபி தீர்ந்ததும் 'அன்லிமிடெட்' தொடரும், ஆனால் 64 கேபிபிஎஸ் வேகத்தில். டயல்-அப்பை விட வெறும் 8 கேபிபிஎஸ் அதிகம். மெட்ரோவில் ரீல்ஸ் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் மெயிலில் ஒரு ஃபைலைத் திறக்க முயற்சி பண்ணியிருந்தீங்கன்னா, உங்களுக்கு இந்த வேகம் தெரியும்.

இதில் எனக்கு உறுத்துவது அந்த 'அன்லிமிடெட்' என்ற சொல்தான். இந்திய அரசின் வரையறையில் பிராட்பேண்ட் என்று சொல்ல 2004-இல் 256 கேபிபிஎஸ் வேண்டும், 2013-இல் 512 ஆனது, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. டேட்டா தீர்ந்த பிறகும் வீட்டு பிராட்பேண்ட் வேகம் 512-க்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-இல் உத்தரவிட்டது. மொபைலில் மட்டும் 64-ஐக் கொடுத்துவிட்டு இணையம் தொடர்கிறது என்று விளம்பரம் செய்ய முடிகிறது. வங்கி ஆப் பாதியில் 'டைம் அவுட்' ஆகும், மேப் சாம்பல் கட்டமாகவே நிற்கும். அன்றைய பக்கங்கள் அன்றைய வேகத்துக்கு ஏற்ற எடையில் செய்யப்பட்டவை. இன்றைய ஆப்கள் அப்படி இல்லை. அதனால் 2025-இன் 64 கேபிபிஎஸ், 1998-இன் 56-ஐ விட மோசம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

வீடு மாறும் இடைவெளிக்கு 5ஜி சிக்னல் உள்ள பகுதியில் ஏர்ஃபைபர் வகை இணைப்பு ஓரளவு கைகொடுக்கும்; கம்பி இழுக்க வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை நம்பினால், இரண்டாவது சிம்மை வேறு நிறுவனத்தில் வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம், ஒரே டவர் படுத்தால் இரண்டும் படுக்கும். லேப்டாப்பில் தானியங்கி அப்டேட்டையும், கிளவுட் சிங்கையும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் காலை பதினொரு மணிக்கே 64-க்கு வந்துவிடுவீர்கள். ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிப் போடுவது நல்லது.

பணம் அனுப்ப மட்டும் டேட்டா தேவையே இல்லை. வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# டயல் செய்தால் யுபிஐ வேலை செய்யும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை.