வளர்ச்சி வீதமும் வரிப்பத்தான்சேனையும்

2024ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதாரம் நூற்றுக்கு ஐந்து வீதம் வளர்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதெனக் கைவிரித்து, அவ்வாண்டில் ஏழு வீதத்திற்கும் மேலாகச் சுருங்கிப்போன நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று. அதை மறுப்பதற்காக நாம் எழுதவில்லை. வளர்ந்ததாகச் சொல்லப்படும் அந்த நாட்டினுள் இறக்காமத்தை அடுத்த வரிப்பத்தான்சேனையும் அடங்குமா என்பதே நமது கேள்வி.

கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதன்று. குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் அளக்கும் அரசாங்க அளவீடுகள் 1990/91இலும் 1995/96இலும் 2002இலும் நடந்தன. மூன்றிலும் வடக்கும் கிழக்கும் விலக்கப்பட்டன. யுத்தம் என்றார்கள், காரணத்தை ஏற்கிறோம். ஆயினும், 26.1 வீதமாயிருந்த வறுமை 22.7 வீதமாகக் குறைந்ததென அந்த அளவீடுகளைக் கொண்டே கோடு கீறி, அதனை நாட்டின் போக்கென்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதினார்களே, அதனை எவ்வாறு ஏற்பது? அந்த ஆண்டுகளிலும் அம்பாறையின் வட்டைகளில் நெல் விளைந்தது. அந்த நெல் தேசிய உற்பத்தியிற் சேர்ந்தது. விளைவித்தவனுடைய அடுப்பு மட்டும் தேசிய வறுமையிற் சேரவில்லை. 2004இல் வகுக்கப்பட்ட உத்தியோகபூர்வ வறுமைக் கோடுங்கூட அந்த 2002ஆம் ஆண்டுக் கணக்கின் மீதே எழுந்தது.

நிபுணர்களின் இப்பழக்கம் பழையது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்தபோது, எத்தனை ஏக்கருக்கு நீர், எத்தனை குடியேற்றம் என்றே கணக்குப் பேசிற்று. வாய்க்காலின் தலைமாட்டில் பாயும் நீர் கால்மாட்டுக்கு எப்போது வரும், வருமா என்று கேட்டாரில்லை. திட்டத்தை மதிப்பிட்ட குழு, செலவு பயனை விஞ்சிவிட்டதென்று 1970இற் சொல்லிற்று. இருபது ஆண்டுகள் கடந்து வந்த தீர்ப்பு!

இடையில் ஓர் உண்மை ஆராய்ச்சியும் இந்த மண்ணில் நடந்ததை மறைக்க மாட்டோம். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் இளைஞரை ஊர்களுக்கு அனுப்பி, விவசாயிகளையே பேசவைத்தன. 1981இல் குளத்தில் நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. சண்டைக்காரர், ஒற்றுமையற்றவர் என்று அதிகாரிகளாற் பழிக்கப்பட்ட அவ்விவசாயிகள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமாட்டுச் சிங்கள விவசாயிகள் கால்மாட்டுத் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் விட்டனர். நோர்மன் அப்கோவ் 1992இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு உண்டு. உலகப் பல்கலைக்கழகங்கள் அதனைப் படித்தன. கொழும்பு எவ்வளவு படித்ததோ அறியோம்.

படித்திருந்தால் 2021ஐ எவ்வாறு விளக்குவது? அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், விவசாயியிடம் ஒரு வார்த்தை கேளாமல், இரசாயன உர இறக்குமதியைத் தடுக்கத் தீர்மானித்தனர். நவம்பரில் தடையை நீக்கினர். அதற்குள் பெரும்போக விதைப்பு முடியும் தறுவாயில் இருந்தது. நாட்டின் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. மேசையில் எழுதிய ஒரு வரி வயலில் எப்படி அறுவடையாகும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்ட முடியாது.

முதலில் வளரட்டும், பின்னர் பகிரலாம் என்பாரும் உளர். எங்கே வளர்கிறது? மத்திய வங்கியின் மாகாணக் கணக்கின்படி மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்தினுடையது. கிழக்கு மாகாணம் முழுவதற்கும் ஐந்து வீதமளவே. காரணத்தை வரிப்பத்தான்சேனைக் களத்திலேயே காணலாம். விதைக்கும் எண்ணெய்க்கும் கடன் பட்டவன் ஈரம் காயுமுன்பே நெல்லை விற்கிறான். எல்லோரும் ஒருசேர விற்பதால் விலை விழுகிறது. நெல் லொறியேறி வேற்று மாவட்ட ஆலைக்குப் போகிறது. குற்றல், பொதியிடல், சேமித்துவைத்து விலையேறும்போது விற்றல் ஆகியவற்றால் வரும் பெறுமதி யாவும் அங்கே பதிவாகின்றது. சில மாதங்களில் அவனே கடையில் அரிசி வாங்குகிறான். அந்த வியாபாரமும் வளர்ச்சியிற் சேர்கிறது! அவன் கட்டிய வட்டி அவனது இழப்பாக எந்த ஏட்டிலும் இல்லை.

நம்மவர் மீதும் குறையுண்டு. பிலிப் குணவர்தன 1958இற் கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தைப் புகழ்ந்து மேடையேறினோர் பலர். போடியாரின் காணியில் வாய்ப்பேச்சை நம்பிக் குத்தகை செய்தவருள் எத்தனை பேர் அச்சட்டத்தால் நிலைத்தனர், எத்தனை பேர் அதனாலேயே வெளியேற்றப்பட்டனர் என்று வட்டை வட்டையாய் நடந்து எழுதினோர் எத்தனை பேர்? புள்ளிவிபரம் முதலாளியின் கருவி என்று ஏசிவிட்டு, அக்கருவியை முழுவதுமாக அவனிடமே விட்டுவிட்டோம்.

ஆகவே ஆசிரியத் தோழர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். வகுப்புக்கு ஒரு கொப்பி போதும். எந்தத் தேதியில் நீர் வந்தது, விதைக்கும் உரத்திற்கும் யாரிடம் எவ்வளவு கடன், நெல் விற்ற நாளும் விலையும், பின்னர் அரிசி வாங்கிய நாளும் விலையும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் உண்டா: இவற்றை வீடு வீடாய்க் கேட்டு எழுத வேண்டும். பெயர் வேண்டாம், வட்டையின் பெயரும் ஏக்கரும் போதும். பெரும்போக அறுவடை தொடங்குமுன் கொப்பிக்குக் கோடு போட்டாக வேண்டும். சூட்டடித்த பின்னர் போனால், விற்ற விலையை எவரும் சரியாகச் சொல்லமாட்டார்கள்.