ஊசி ஒண்ணு, நியாயம் ரெண்டா?

ஆம்பளைங்களுக்குக் கருத்தடை ஊசி போட்டுப் பார்த்தாங்களாம், தாங்க முடியாம பாதியிலேயே ஓடிட்டாங்களாம். இப்படியொரு நக்கல் ரொம்ப நாளாய்ச் சுற்றி வருகிறது. நடந்தது அதுவல்ல. அந்தச் சிரிப்புக்குள்ளே மறைந்து கிடக்கும் அநியாயத்தைத்தான் நான் பேசவேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தொடங்கிய சோதனை அது. இந்தியா உட்பட 7 நாடுகள், 320 ஆண்கள். 8 வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் நார்எதிஸ்டிரோன் எனந்தேட், கூடவே டெஸ்டோஸ்டிரோன். விந்தணு குறைந்தது. முகப்பருவும் வலியும் மனச்சோர்வும் வந்தன. பக்கவிளைவால் விலகியவர்கள் 20 பேர்தான். முக்கால்வாசிப் பேருக்கு மேல், கிடைத்தால் இந்த ஊசியையே போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். 2011-ல் நிறுத்தச் சொன்னது வெளியிலிருந்து கண்காணித்த பாதுகாப்புக் குழு.

நிறுத்தியது சரி. மனுச உயிரை வைத்துச் சோதனை செய்கிறவன் அப்படித்தான் பயப்படணும்.

இப்போ அந்த மருந்தின் பேரைத் திரும்பப் படியுங்கள். நார்எதிஸ்டிரோன் எனந்தேட். பெண்களுக்குப் போட்டபோது அதன் பேர் 'நெட்-என்'. அதே 200 மில்லிகிராம், அதே இரண்டு மாதக் கணக்கு. 1985-ல் ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்செருவில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைக்காகக் கிராமத்துப் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டினார்கள். பிள்ளை உண்டாகாமலிருக்க ஊசி என்றார்கள். இது சோதனை என்று சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா பெண்கள் அங்கே போய்ச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. 1986-ல் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஒரே மருந்து. அங்கே கண்காணிக்கத் தனிக் குழு. இங்கே ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆளில்லை.

படித்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பிரசவத்தில் சாகிற ஆபத்து பெண்ணுக்குத்தானே, அதனால் கொஞ்சம் பக்கவிளைவைத் தாங்கலாம். சரி, அந்தக் கணக்கைப் போடவேண்டியது யார்? உடம்புக்குச் சொந்தக்காரிதானே? அவளுக்கு எதுவும் சொல்லாமல் அவள் சார்பில் நீ எப்படிப் போடுவாய்?

இது ஆண், பெண் சண்டை மட்டுமல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள் யார்? ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். அங்கே எந்தக் குழு நிறுத்தச் சொன்னது? அதற்குப் பிறகு ஆண்களைத் தொட அரசுக்குப் பயம் வந்தது. சுமை முழுக்கப் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கு.க. ஆபரேசன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம். ஆண்கள் 0.3 சதவீதம்.

ஆண்களுக்கான கருத்தடை வரட்டும், வேண்டும். சோதனையும் நடக்கட்டும். ஆனால் அந்த 320 பேருக்குக் கிடைத்த பாதுகாப்பு சேரிப் பெண்ணுக்கும் வேண்டும். அவள் மொழியில் சொல்லு. வேண்டாம் என்றால் விடு. மனசு சரியில்லை என்று அவள் சொன்னால் எழுதிக்கொள். ஆபத்து என்று தெரிந்தால் நிறுத்து.

எங்கள் உடம்பு உங்கள் ஆராய்ச்சிக்கு நேர்ந்துவிட்ட ஆடு அல்ல.